பதில்: பத்தாண்டுத் திறன் தேவையும் பயிற்சி இடங்களும்

வணக்கம். நிறுவனங்களிடம் நடத்திய கருத்தாய்வை வைத்து, பத்தாண்டுகளுக்குப் பின் எத்தனை வெல்டர்களும் செவிலியர்களும் தேவைப்படுவார்கள் என்று கணக்கிட்டு, அதன்படியே பயிற்சி இடங்களை ஒதுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம்.

நிறுவனங்கள் இன்று ஆள் கிடைக்காத பணிகளைத்தான் தெளிவாகச் சொல்லும். அதைவிட முக்கியமாக, உங்கள் கணக்கில் புதிதாக உருவாகும் பணியிடங்கள் மட்டுமே உள்ளன. ஓய்வு பெறுவோரும் தொழில் மாறுவோரும் விட்டுச்செல்லும் இடங்கள் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் பத்தாண்டுக் கணிப்புகளில் காலியிடங்களின் பெரும்பகுதி இவ்வகையில்தான் வருகிறது. ஆகவே ஒவ்வொரு தொழிலிலும் இருப்போரின் வயதுப் பகிர்வை முதலில் எடுங்கள். ஆட்கள் குறைந்துவரும் தொழிலுக்கும் பயிற்சி தேவைப்படுவதை அது காட்டிவிடும். தொழில்களைப் பிரிக்க, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008 ஆம் ஆண்டு வகைப்பாட்டில் உள்ள 43 துணைப் பிரிவுகளே போதும். அதன் மிக நுணுக்கமான நிலையான 436 அலகுப் பிரிவுகள் வரை இறங்கினால், உங்கள் மாதிரி அளவு (கருத்தாய்வில் பதிலளித்தோர் எண்ணிக்கை) தாங்காது.

பயிற்சிக் காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். இன்றைய பற்றாக்குறையைக் கண்டு நான்காண்டுப் படிப்பில் சேர்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளிவரும்போது வேலை இருப்பதில்லை. பொறியாளர் சந்தையில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பொருளியலாளர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1970களிலேயே விளக்கினார். எனவே நீண்ட படிப்புகளுக்கு மக்கள்தொகை, வயது விவரங்களையும், சில மாதப் பயிற்சிகளுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கருத்தாய்வையும் அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

அடுத்த கருத்தாய்வில், நிரம்பாத ஒவ்வொரு பணிக்கும் என்ன ஊதியம் தருகிறார்கள் என்ற கேள்வியையும் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊதியக் குறைவால் காலியாக இருக்கும் இடத்தை எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தாலும் நிரப்ப முடியாது.