ரத்தத்தில் கொலஸ்ட்ரால் சரி, பித்தப்பையில் கல் எப்படி?

தேவகோட்டையிலிருந்து 46 வயது வாசகி கேட்கிறார்: "தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அதற்காக இரண்டு மாதத்தில் 14 கிலோ குறைத்தேன். ராத்திரிச் சாப்பாடு கிடையாது, எண்ணெயே தொடவில்லை. இப்போது ஸ்கேனில் பித்தப்பையில் சின்னச் சின்னக் கற்கள். வலி இல்லை. ரத்தக் கொலஸ்ட்ரால் 168தான். கல்லீரல் சுருங்கிப்போன சித்தப்பாவுக்கும் பித்தப்பைக் கல் உண்டு. குடும்ப வியாதியா?"

ரத்தத்தில் 168 இருப்பதை வைத்துப் பித்தநீரில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது அம்மா. பித்தநீரில் உள்ள கொழுப்புப் பொருட்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பித்த உப்புகள், 20 சதவீதத்துக்குச் சற்று மேல் லெசித்தின் வகை. கொலஸ்ட்ரால் 10 சதவீதத்துக்கும் குறைவு. எண்ணெய் தேய்த்த தலையில் வெறும் தண்ணீர் ஊற்றினால் பிசுக்குப் போகாது, சீயக்காய் வேண்டும். தண்ணீரில் கரையாத கொலஸ்ட்ராலுக்குப் பித்த உப்பும் லெசித்தினும்தான் சீயக்காய். அவை போதாமல் போனால் கொலஸ்ட்ரால் பொடிப்பொடியாகப் படிந்து கல்லாகிறது.

எடை மளமளவென்று இறங்கியபோது, உடம்புக் கொழுப்பில் இருந்த கொலஸ்ட்ரால் பித்தநீருக்கு வந்தது. எண்ணெய் உள்ளே போனால்தான் பித்தப்பை நன்றாகச் சுருங்கிக் காலியாகும். நீங்கள் அதையும் நிறுத்திவிட்டதால் பித்தநீர் தேங்கிக் கெட்டியானது. வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

சித்தப்பா கதை வேறு. சுருங்கிய கல்லீரல் பித்த உப்பைக் குறைவாகச் சுரக்கும். கொலஸ்ட்ராலும் கூடவே குறைந்துவிடும். அவர்களுக்கு வருவது பெரும்பாலும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் சேர்ந்த கருப்புக் கல். ஆனால் குடும்பத்தில் 40 வயதுக்கு முன்பே யாருக்காவது கல் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். லெசித்தினைப் பித்தநீருக்குள் அனுப்பும் மரபணுவில் குறை இருக்கலாம்.

சரி, இனி என்ன செய்வது? ராத்திரியும் அளவாகச் சாப்பிடுங்கள். கந்தரப்பம் வேண்டாம், இட்லிப் பொடிக்கு ஒரு கரண்டி நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றலாம். எடையை வாரம் அரைக்கிலோ குறைத்தால் போதும். வலியில்லாத கல்லுக்குப் பொதுவாக அறுவை தேவையில்லை. அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை சுண்ணாம்பு படியாத சிறு கொலஸ்ட்ரால் கல்லைத்தான் கரைக்கும். அதற்கும் பல மாதம் ஆகும், நிறுத்தியபின் கல் திரும்பவும் வரலாம்; மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

வலது விலாவுக்குக் கீழே அரைமணி நேரத்துக்கு மேல் விடாத வலி, குளிர்காய்ச்சல், கண் மஞ்சளாவது, இவற்றில் ஒன்று வந்தாலும் வாயு என்று சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். கல்யாண வேலை முடியட்டும் என்றும் தள்ளாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.