செந்தூரா என்று சொன்னது எப்படித் தவறாகும்?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே மாந்தோப்பை ஒட்டி எங்கள் வீடு. மகனுக்கு மூன்றரை வயது. கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருவார். விளையாட்டாகவே படிக்கட்டும் என்று ஃப்ளாஷ் கார்டு வாங்கி, தினமும் மாலையில் 50 அட்டைகளைக் காட்டி, சரி தப்பு என்று நோட்டில் குறித்து வருகிறேன். ஒரு மாதமாகியும் முன்னேற்றம் இல்லை. அட்டையை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறான். மாம்பழ அட்டையை நேற்றும் 'செந்தூரா' என்று தப்பாகவே சொன்னான் (படம் இணைத்துள்ளேன்). மாமனார் வேறு குறுக்கே பேசுவதால், அந்த நேரத்தில் அவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டேன். மகனுக்கு ஞாபக சக்தி குறைவா? வேறு நல்ல அட்டைகள் உண்டா?
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உருண்டையான பழம், காம்புப் பக்கம் தோள் சிவந்து, கீழே மஞ்சள் இறங்கியிருக்கிறது. அம்மா, அது செந்தூரா ரக மாம்பழமேதான். எங்கோ அட்டை அச்சடித்தவர் அதன் கீழே 'மாம்பழம்' என்று பொதுவாகப் போட்டுவிட்டார். உங்கள் மகனோ பழத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொன்னான். அதற்கு நீங்கள் தப்புக்குறி போட்டிருக்கிறீர்கள்.

ஞாபக சக்தியைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீண்டு, நுனி கிளிமூக்காக வளைந்திருந்தால் பெங்களூரா, தோள் சிவந்திருந்தால் செந்தூரா என்று மூன்றரை வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறதென்றால், யாரோ அவனைக் கையைப் பிடித்துத் தோப்புக்குள் அழைத்துப் போயிருக்கிறார்கள். பழத்தைக் கையில் கொடுத்து முகரச் செய்திருக்கிறார்கள். மாம்பழக் கூழ் ஆலைக்கு லாரியில் ஏறுவது எது, வீட்டில் வைக்கோலில் பழுக்கப் போடுவது எது என்று சொல்லியிருக்கிறார்கள். அது யார் என்று நீங்கள் எழுதவில்லை. கணவர் வாரம் ஒருநாள் வருகிறவர். நீங்களோ அந்தச் சொல்லையே தவறு என்கிறீர்கள். மிச்சமிருப்பவர், நீங்கள் திண்ணைக்கு அனுப்பிவிட்ட உங்கள் மாமனார்தான்.

இதைக் கடுமையாகத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அந்தப் பிள்ளைக்குச் சிறப்பாகக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவரைப் பாடத்துக்கு இடைஞ்சல் என்று வெளியே உட்கார வைத்தது தவறு. பெரியவருக்கு அது மரியாதைக் குறைவு, பிள்ளைக்கு அது நஷ்டம். தான் பார்த்துக்கொண்டிருக்கும் பொருளைப் பற்றித் தனக்கு வேண்டியவர் பேசும்போதுதான் சிறு பிள்ளைக்குச் சொல் ஒட்டுகிறது. நீங்கள் 'குறுக்கே பேசுவது' என்று எழுதியிருக்கிறீர்களே, கற்பித்தல் என்பதே அந்தப் பேச்சுத்தான்.

விளையாட்டு என்ற சொல்லும் உங்களுடையதுதான். விளையாட்டில் இருவருக்கும் முறை உண்டு. ஒருவரே கேட்பதும், மற்றவர் பதில் சொல்வதும், நோட்டில் மார்க் போடுவதும் பரீட்சை. அவன் கட்டிலுக்கு அடியில் போவது அதனால்தான். தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டமே, 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கப்பட்டபோது, 8 வயதுக்குள் பிள்ளைகள் பிழையின்றிப் படிக்கவும் கணக்குப் போடவும் வேண்டும் என்பதைத்தான் இலக்காக வைத்தது. உங்கள் மகனுக்கு அதற்கு இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன.

அட்டைகளை நான் வெறுப்பவள் அல்ல. செபாஸ்டியன் லைட்னர் என்ற அறிவியல் எழுத்தாளர் 1972-இல் எழுதிய நூலில் ஒரு பெட்டி முறையை விளக்கினார்: பதில் தெரிந்த அட்டை அடுத்த அறைக்குப் போய்ச் சில நாள் கழித்து வரும், தெரியாதது சீக்கிரமே திரும்பி வரும். போட்டித் தேர்வுக்குத் தானே விரும்பிப் படிக்கும் இளைஞருக்கு அது அருமையான வழி. உங்கள் மகனுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எல்லா அட்டையும் தினமும் வரவேண்டியதில்லை, இடைவெளி விட்டு வரும்போது நினைவு கூடுதலாக நிற்கும்.

ஆகவே, ஐந்தாறு அட்டைகளை மட்டும் வெளியே வையுங்கள். கடையில் வாங்கியவை வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் கோழி, புளியங்காய், ராகிக் கதிர், செந்தூரா, பெங்களூரா என்று அவன் எதிரிலேயே வரையுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. புளியங்காய் அட்டைக்குப் பக்கத்தில் நிஜப் புளியங்காய் ஒன்றும் இருக்கட்டும். முதலில் அட்டையை அவன் ஒளித்து வைக்கட்டும்; "புளிக்குமா, இனிக்குமா? மரத்திலா, செடியிலா?" என்று கேட்டு நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு முறை தப்பாகச் சொல்லுங்கள். உங்களைத் திருத்துவதற்காக அவன் எத்தனை சொற்களைச் சொல்கிறான் என்று காதில் வாங்குங்கள். இன்னொரு நாள் அட்டைகளை வாசலில் பரப்பி, "கோழி எங்கே?" என்று ஓடவிடுங்கள். "இன்னொண்ணு" என்று அவன் கேட்கும்போதே எடுத்து வைத்துவிட வேண்டும். 247 எழுத்துகளும் இப்போது வேண்டாம். அவன் பெயரின் முதல் எழுத்தும், மாங்காயின் 'மா'வும் போதும்.

கணவருக்கும் ஒன்று சொல்லுங்கள். ஓசூரிலிருந்து தினமும் இரவு ஐந்து நிமிடம் போனில் மகனிடம், "இன்னைக்கு என்ன ஒளிச்சு வச்ச?" என்று கேட்பது அவருடைய கடமை. பிள்ளை வளர்ப்பு தாய் மட்டும் சுமக்கவேண்டிய பாரமல்ல. தனியாகச் சுமந்ததால்தான் உங்கள் கைக்கு அந்த நோட்டு வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது.

நாளை மாலை திண்ணைக்குப் போய், "மாமா, உள்ளே வாங்க, நீங்க இல்லாம இவன் விளையாட மாட்டேங்கிறான்" என்று நீங்களே கூப்பிடுங்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்த பிறகு நோட்டைத் திறந்து, செந்தூராவுக்கு எதிரே போட்ட தப்புக்குறியை அவன் பார்க்கும்படி அடித்துவிட்டு, நீலம் மாம்பழம் எப்படி இருக்கும் என்று அவனிடமே கேளுங்கள்.