நாயுடன் ஆர்வியில் (படுக்கை, சமையல் வசதியுள்ள வீட்டு வண்டியில்) கிளேசியர் தேசியப் பூங்கா போகலாமா?

போகலாம். ஆனால் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இருக்கும் இந்தப் பூங்காவின் மலைப் பாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. முகாம்கள், வாகன நிறுத்தங்கள், சாலையோரம் போன்ற இடங்களில்தான் அனுமதி. கயிறு 6 அடிக்கு மேல் நீளக்கூடாது. கரடி போன்ற காட்டு விலங்குகள் வாழும் இடம், விதி நியாயமானது. நல்ல நடை வேண்டுமானால் ஆப்கார் கிராமத்துக்கும் வெஸ்ட் கிளேசியர் ஊருக்கும் இடையிலுள்ள சைக்கிள் பாதையில் நாயைக் கூட்டிப் போகலாம்.

அடுத்தது வண்டி. பூங்காவைக் குறுக்கே கடக்கும் கோயிங்-டு-தி-சன் சாலையில் அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன் என்ற இடத்துக்கும் இடையே 21 அடி நீளத்தையோ, கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடி அகலத்தையோ தாண்டிய வண்டிகள் போக முடியாது. பெரிய ஆர்வியை முகாமிலேயே விடவேண்டியதுதான். அப்போது நாயை உள்ளே பூட்டிவிட்டு மட்டும் கிளம்பாதீர்கள். வெயிலில் வண்டிக்குள் சூடு மளமளவென்று ஏறிவிடும், பாவம். ஆளுக்கு ஒரு வேளை என முறை வைத்து மலையேறுங்கள்.

நாயோடு சேர்ந்தே மலையேற ஆசையா? எல்லை தாண்டி கனடாவின் வாட்டர்டன் ஏரிகள் பூங்காவுக்குப் போங்கள். அங்கே கயிற்றோடு பாதைகளிலும் நடக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழை மறக்காதீர்கள், எல்லையில் கேட்பார்கள்.