டேப்பில் எடுத்தால்தான் அசல் எச்டியா?

கேள்வி: என்னிடம் மினிடிவி (MiniDV) கேசட் போடும் பழைய எச்டிவி (HDV) கேமரா ஒன்றும், பதிவுசெய்த 38 கேசட்டுகளும் உள்ளன. டேப்பில் இருப்பதுதான் சுருக்காத அசல் எச்டி, மெமரி கார்டில் எடுப்பதெல்லாம் நசுக்கியது என்கிறார் நண்பர். கடைக்காரரோ, கேமராவை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு கார்டு கேமரா வாங்கிக்கொள்ளுங்கள், கேசட்டுகளை நானே மாற்றித் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: கேமராவை மட்டும் இப்போதைக்குக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் நண்பர் சொல்வது சரியில்லை. ஸ்டுடியோவில் கேபிள் வழியே ஓடும் சுருக்காத எச்டி சிக்னல் நொடிக்குச் சுமார் 1.5 கிகாபிட். 2003-ல் கேனான், ஷார்ப், சோனி, ஜேவிசி நான்கும் சேர்ந்து எச்டிவி முறையைக் கொண்டுவந்தபோது, வீட்டில் எல்லாரிடமும் இருந்த அதே சின்ன கேசட்டில் எச்டியை அடக்க வேண்டியிருந்தது, அந்தக் கேசட்டுக்கோ நொடிக்கு 25 மெகாபிட்தான் கணக்கு. அதனால் எம்பெக்-2 முறையில் நன்றாகவே சுருக்கித்தான் பதிந்தார்கள். அகலத்தில் 1920 புள்ளிகளுக்குப் பதிலாக 1440 புள்ளிகள்தான் டேப்பில் இருக்கும், திரையில் காட்டும்போது இழுத்து நிரப்பிக்கொள்ளும். ஒலியையும் சுருக்கித்தான் வைத்தார்கள். அதற்கு முந்தைய எஸ்டி பதிவில்தான், அதாவது எச்டியைவிடத் தெளிவு குறைந்த பழைய பதிவில்தான், ஒலி சுருக்கப்படாமல் இருந்தது, இந்தப் பேச்சு அங்கிருந்து தொற்றிக்கொண்டிருக்கலாம்.

டேப், கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாமே பாத்திரம்தான். எந்த முறையில், எவ்வளவு சுருக்கி உள்ளே போட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் படம். 2006-ல் வந்த ஏவிசிஎச்டி (கார்டு, டிஸ்க்கில் எச்டி பதியும் முறை) கேமராக்களில் முதல் தலைமுறை கொஞ்சம் தடுமாறியது உண்மை, வேகமாக அசையும் காட்சிகளில் டேப்தான் நன்றாக இருந்தது. அப்புறம் அந்தக் குறை சரியாகிவிட்டது, இன்றைய கார்டு கேமராக்களோடு உங்கள் டேப் போட்டி போட முடியாது. ஆகவே புதிதாக எடுப்பதைக் கார்டில் எடுங்கள், டேப் வாங்கி அடுக்காதீர்கள்.

டேப்புக்கு ஒரே ஒரு பெரிய குணம் உண்டு: எடுத்து முடித்ததும் அதுவே சேமிப்பு. கார்டு நிறைந்தால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கிறோம், அழிப்பதற்கு முன் பிரதி எடுத்தோமா என்பது நம் ஞாபகசக்தியைப் பொறுத்தது. கேசட் அப்படியில்லை, பெட்டியில் கிடக்கும். ஆனால் அதைப் படிக்க ஒரு கேமரா வேண்டுமே! அதைத்தான் கடைக்காரர் உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. "மாற்றித் தருகிறேன்" என்பவர்களில் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கேமராவின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனையுள்ள ஏவி கேபிளைச் செருகி, மறுமுனையை படத்தைக் கணினிக்குள் பதியும் ஒரு யூஎஸ்பி கேப்சர் குச்சியில் மாட்டி ஓட விடுகிறார்கள். அந்த மஞ்சள் முனையில் எச்டி வரவே வராது. எஸ்டி அளவுக்கு இறங்கிய படம் அனலாக் சிக்னலாக வெளியே வந்து, குச்சிக்குள் மறுபடி சுருங்கி, டிவிடியாகவோ எம்பி4-ஆகவோ உங்கள் கைக்கு வரும். சிலர் அந்தக் கோப்பை 1920க்கு ஊதிப் பெரிதாக்கி "ஃபுல் எச்டி" என்று எழுதியும் கொடுக்கிறார்கள். என்னிடம் ஒருவர் அப்படி ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தார். கல்யாணக் காட்சி, மணப்பெண்ணின் புடவை ஜரிகை ஒரே மஞ்சள் பூச்சாகத் தெரிந்தது. நல்லவேளை, கேசட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதையே ஃபயர்வயர் (கேமராவைக் கணினியோடு நேரடியாக இணைக்கும் கேபிள்) வழியாக எடுத்துப் போட்டதும் ஜரிகையில் இருந்த கட்டங்களை எண்ண முடிந்தது. அதற்குள் அவர் கொடுத்த காசு போனது போனதுதான்.

சரியான வழி ஃபயர்வயர் மட்டும்தான். சோனியில் ஐ.லிங்க் என்று எழுதியிருக்கும், நான்கு பின் உள்ள சின்னத் துளை. அதன் வழியே டேப்பில் உள்ள தரவு அப்படியே கணினிக்கு வரும், மறுபடி சுருக்கம் கிடையாது. ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. கேமராவில் உள்ள யூஎஸ்பி துளையை நம்பாதீர்கள், பெரும்பாலும் அது ஸ்டில் படங்களுக்கானது. இன்னொன்று, ஒரு பக்கம் ஃபயர்வயரும் மறுபக்கம் யூஎஸ்பியும் வைத்து மலிவாக ஒரு கேபிள் விற்கிறார்கள். அது வேலை செய்யாது, இரண்டும் வேறு வேறு மொழி, நடுவில் வெறும் கம்பியை வைத்தால் பேசிக்கொள்ளாது. தெரிந்தே விற்கிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த வேலைக்கு உட்காரும் முன் ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் உள்ள குட்டித் தாழை சேவ் பக்கம் தள்ளிவிடுங்கள். நகத்தால் தள்ளினால் போதும், அதன்மேல் தவறிப்போய் எதுவும் பதிவாகாது. ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். கேமராவையும் கணினியையும் அணைத்துவிட்டுக் கேபிளை மாட்டுங்கள். டேப்பைக் கணினிக்குள் எடுக்கும் மென்பொருள் விண்டோஸில் எச்டிவிஸ்பிளிட், லினக்ஸில் டிவிகிராப், இரண்டும் இலவசம்.

படம் நடுவில் அரை நொடி உறைந்து நின்றால் பதறாதீர்கள். எச்டிவியில் 12 அல்லது 15 ஃபிரேம்களை ஒரு கட்டாகச் சேர்த்துச் சுருக்குவார்கள், டேப்பில் ஒரு தூசி கட்டின் ஒரு ஃபிரேமைக் கெடுத்தால் அதை நம்பியிருக்கும் மற்றதும் போகும். டேப்பின் ஒவ்வொரு தடமும் 10 மைக்ரான் அகலம்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஹெட் கிளீனர் கேசட்டைச் சில நொடிகள் ஓட்டிவிட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுங்கள், பல நேரம் வந்துவிடும்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், இதில் விழாதவர்கள் குறைவு. உங்கள் கேமரா ஒரே கேசட்டில் எச்டிவியும் எடுக்கும், டிவியும் எடுக்கும். இங்கே டிவி என்றால் தொலைக்காட்சி அல்ல, பழைய எஸ்டி பதிவுமுறையின் பெயர். மெனுவில் ஐ.லிங்க் கன்வர்ட் மாதிரி ஒரு தேர்வு இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால், எச்டியாகப் பதிந்த டேப்பும் எஸ்டியாகத்தான் வெளியே வரும், நீங்கள் சரியான கேபிளைப் போட்டிருந்தாலும்! கோப்பின் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டுமே நொடிக்கு ஏறக்குறைய 25 மெகாபிட் என்பதால் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு ஜிபி என்று ஒன்றுபோலத்தான் இருக்கும். விஎல்சி பிளேயரில் கோப்பைத் திறந்து கோடெக் விவரத்தைப் பாருங்கள். 1440, 1080 என்று இருந்தால் எச்டி. 720 என்று தொடங்கி அடுத்து 576 அல்லது 480 இருந்தால் எஸ்டி. ஒரே கேசட்டில் பாதி இப்படி, பாதி அப்படி எடுத்திருந்தால், மாறும் இடத்தில் கேப்சர் நின்றுவிடும், சில மென்பொருள் நின்றதைச் சொல்லவும் சொல்லாது. அதனால் முதல் பாதியை எச்டியாக எடுத்து நிறுத்தி, அடுத்த பாதியைத் தனியாக எடுங்கள். டேப் முடிந்ததும் கோப்பின் நேரமும் கேசட்டின் நேரமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேசட்டைப் போட வேண்டும்.

இதையெல்லாம் சீக்கிரம் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டேப் இன்னும் பல வருடம் தாங்கலாம், துளைகள் தாங்காது. மடிக்கணினிகளில் ஃபயர்வயர் எப்போதோ போய்விட்டது. ஆப்பிளில் தண்டர்போல்ட் என்ற புதுத் துளைக்கான அடாப்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து ஓட்டிக்கொண்டிருந்தோம், 2025-ல் வந்த மேக்ஓஎஸ் 26-ல் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். கோடிக்கணக்கான மணி நேரக் குடும்பப் படங்கள் இந்த ஒரு துளையை நம்பி இருக்கின்றன என்று இந்த நிறுவனங்களில் யாருக்குமே தோன்றாதா? ஃபயர்வயர் உள்ள பழைய கணினி கையில் இருந்தால் அதை அப்டேட் செய்யாமல், இந்த வேலைக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

எடுத்ததை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். புதுக் கேமராவுக்குக் கார்டு வாங்கும்போது, முதல் நாளே எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற ஒரு சோதனை மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் சோதியுங்கள். 16 ஜிபி கார்டை 128 என்று காட்டும்படி மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள், நிறையும்வரை எதுவும் தெரியாது, அதற்குள் விழா முடிந்திருக்கும்.

38 கேசட்டையும் எடுத்து, ஒவ்வொன்றையும் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்த பிறகு கேமராவை விற்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் விற்க மாட்டேன், கேசட்டுகளோடு அதே பெட்டியில், பேட்டரியைத் தனியே கழற்றி வைப்பேன்.