அறுபது வயதுக் கிட்டாரை வாசிக்கலாமா, பெட்டியிலேயே வைக்கலாமா?

கேள்வி: என் தாய்மாமா வைத்திருந்த மார்ட்டின் 00-18 கிட்டார் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. உள்ளே பொறித்திருக்கும் எண்ணை வைத்துப் பார்த்தால் 1965-இல் செய்தது. பல வருடங்கள் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. கடையில் கொடுத்தபோது 13 கேஜ் என்னும் தடித்த வகைக் கம்பிகள் போட்டுத் தந்தார்கள். ஐந்தாவது ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தாண்டினால் அழுத்தவே முடியவில்லை. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கம்பிகள் ஏறி உட்காரும் சாடில், அதைத் தாங்கும் பிரிட்ஜ் கட்டைக்கு மேலே 1.5 மில்லிமீட்டர்தான் தெரிகிறது. சாடிலைத் தேய்த்தால் போதும் என்கிறார் ஒருவர். நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தைக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும் என்கிறார் இன்னொருவர். கூடவே பாலிஷ் போட்டுப் புதிதுபோல் ஆக்கித் தருகிறேன் என்றும் சொல்கிறார். தினமும் வாசித்தால் கிட்டார் கெட்டுவிடுமா?

பதில்: வாசியுங்கள், தினமும் வாசியுங்கள். ஆனால் முதலில் அந்த 13 கேஜ் கம்பிகளைச் சில சுற்றுகள் தளர்த்திவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

ஆறு கம்பிகளும் சேர்ந்து ஒரு கிட்டாரை எவ்வளவு பலமாக இழுக்கின்றன என்பது வாசிப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. 13–56 செட்டை (மெல்லிய கம்பி முதல் தடித்த கம்பி வரையிலான தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் பெரிய கிட்டாரில் இழுவிசை சுமார் 85 கிலோ. 12–53 என்றால் 74 கிலோ அளவில் நிற்கும். 11–52 போட்டால் 70-க்குக் கீழே வந்துவிடும். உங்கள் 00 மாடலின் ஸ்கேல் நீளம் (கம்பியின் அதிரும் நீளம்) 24.9 அங்குலம், பெரிய மாடல்களின் 25.4-ஐவிடக் கொஞ்சம் குட்டை. அதனால் இந்த எண்கள் உங்களுக்குச் சற்று இறங்கும். இருந்தாலும், வளர்ந்த ஆள் ஒருவர் பிரிட்ஜைப் பிடித்துத் தொங்குகிற மாதிரிதான். அதைத் தாங்குவது ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஸ்ப்ரூஸ் பலகையும், அதற்கு அடியில் ஒட்டியிருக்கும் பிரேஸ்கள் என்ற சில தாங்கு கட்டைகளும். விரல் பட்டுத் தேய்வது ஃபிரெட்தான், அதை மாற்றிக்கொள்ளலாம். இரவும் பகலும் விடாமல் இழுக்கும் கம்பிதான் கிட்டாரின் வடிவத்தையே மாற்றுகிறது. வாசிக்காமல் பெட்டியில் வைத்திருந்தாலும், கம்பி முறுக்கேறி இருந்தால் அந்த வேலை நடந்துகொண்டேதான் இருக்கும்.

இது மார்ட்டின் கம்பெனியே பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். பிரேஸ்களை நடுவில் குடைந்து மெலிதாக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. ஒலி நன்றாகத் திறக்கும். ஆனால் வாங்கியவர்கள் கனமான கம்பிகளைப் போட்டு வாசித்தார்கள், பலகை மேலே உப்பிக்கொண்டு திரும்பி வந்தது. 1944-இன் கடைசியில் குடைவதை நிறுத்திவிட்டார்கள். 1976-இல் எச்டி-28 மாடலோடுதான் அது திரும்ப வந்தது. உங்களுடையது 1965 என்பதால் பிரேஸ்கள் குடையாதவை, கொஞ்சம் முரட்டுத்தனமானவை. இந்த விஷயத்தில் அது உங்களுக்கு நல்லதுதான்.

இன்னொன்று. உங்கள் நெக்கில், வளைவைத் திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற உள்கம்பி கிடையாது. மார்ட்டின் அதை வைக்க ஆரம்பித்தது 1985-இல்தான். உங்கள் நெக்குக்குள் இருப்பது டி வடிவத்தில் ஓர் எஃகுப் பட்டை, அவ்வளவுதான். ஆகவே யாராவது ஆலன் கீயை எடுத்துக்கொண்டு "ராடைத் திருகிச் சரிபண்ணிடலாம்" என்று வந்தால், கிட்டாரைப் பெட்டியில் வைத்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, சாடிலா நெக்கா? உங்கள் அளவுகளிலேயே விடை இருக்கிறது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம்) ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் நடுப்புள்ளி என்பதால் இந்தக் கணக்கு. 4-இலிருந்து வசதியான 2.5-க்கு வர 1.5 இறங்க வேண்டும், அதற்குச் சாடிலில் 3 போக வேண்டும். உங்களிடம் இருப்பதே 1.5. கணக்கு உதைக்கிறது. இருப்பதையும் தேய்த்துவிட்டால் கம்பி சாடில்மேல் மடங்கி இறங்கும் கோணம் போய்விடும், ஒலி சவசவ என்றாகிவிடும். சாடில் குறைந்தது மூன்று மில்லிமீட்டராவது தலை நீட்டினால்தான் கிட்டார் வாயைத் திறந்து பேசும்.

சாடில் போதவில்லை என்றதும் சிலர் பிரிட்ஜையே சீவுவார்கள். நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான். இருபது வயதில் ஒரு பழைய கிட்டாரின் பிரிட்ஜை உப்புத்தாளால் தேய்த்துக் குட்டையாக்கினேன். ஆறு மாதம் அருமையாக இருந்தது. அப்புறம் கம்பிகளைப் பிடிக்கும் பின்கள் செருகும் துளைகளின் வரிசையில் பிரிட்ஜ் நேராகப் பிளந்தது. புதிய பிரிட்ஜும் போட்டு, தள்ளிப்போட்ட நெக் வேலையையும் செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே, இரண்டாவது ஆள் சொன்ன நெக் ரீசெட் அநேகமாகச் சரி. அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உலோகக் கம்பி போட்ட இந்த வயதுக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு முறையாவது இது தேவைப்படும். நெக்கும் உடலும் சேரும் இடத்தில் புறா வால் வடிவப் பொருத்து இருக்கிறது. அதற்கு மேலே உள்ள ஒரு ஃபிரெட்டைக் கழற்றி, சிறு துளை வழியாக நீராவி விட்டால் பசை இளகி நெக் கழன்று வரும். அடிப்பகுதியில் முடியளவு செதுக்கிக் கோணத்தைத் திருத்தி மறுபடி ஒட்டுவார்கள். தெரிந்தவர் கையில் இது வழக்கமான பராமரிப்பு, கிட்டாரின் மதிப்பும் இதனால் குறையாது. தெரியாதவர் கையில் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வேலை கொடுக்கும் முன் "என்ன பசை போடுவீர்கள்?" என்று கேளுங்கள். விலங்குத் தோல் பசை என்று சொன்னால் மேலே பேசலாம். அது பிற்காலத்தில் வெந்நீருக்கும் நீராவிக்கும் இளகிக்கொடுக்கும்; அடுத்த தலைமுறைக்காரர் ஒருவர் மறுபடி திறக்கலாம். எபாக்ஸி என்றால் கதவு நிரந்தரமாக மூடியது போலத்தான்.

ஆனால் நாளைக்கே ஓடாதீர்கள். முதலில் கம்பியை மாற்றுங்கள்: 11–52 போடுங்கள், 12-க்கு மேலே எப்போதுமே வேண்டாம். சுருதியை அரைப்படி இறக்கிக் கட்டிக்கொண்டு முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால், காதுக்கு வழக்கமான சுருதியே கேட்கும், இழுவிசை மட்டும் சுமார் 11 சதவீதம் குறைந்துவிடும். முழுப்படி இறக்கினால் 20 சதவீதத்துக்கு மேலேயே குறையும். விரலுக்கும் சுகம். இப்படி மூன்று வாரம் விட்டு, ஈரப்பதத்தையும் சீராக வைத்து, அப்புறம் மறுபடி அளந்து பாருங்கள். ஆக்‌ஷன் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். மழைக்காலத்தில் பலகை ஈரத்தை வாங்கி உப்பும்போது ஆக்‌ஷன் தானாகவே ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கக் கூடாது.

அளக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். நீளமான நேர் ஸ்கேலை ஃபிரெட்களின் மேல் பிரிட்ஜ் பக்கம் நீட்டி வையுங்கள். அதன் நுனி பிரிட்ஜின் மேல்மட்டத்தில் வந்து உட்கார்ந்தால் கோணம் சரி. பிரிட்ஜின் நெற்றியில் இடித்து, மேல்மட்டத்துக்குக் கீழே நின்றால் நெக் முன்னால் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் பதினான்காவதிலும் சேர்த்து அழுத்தி, ஏழாவதில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு தாள் இரண்டு தாள் அளவென்றால் நெக் நேராக இருக்கிறது. விரல் நகமே நுழைகிறது என்றால் நெக்கே வில்லாக வளைந்திருக்கிறது. அதற்கு வேறு வைத்தியம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை லேசாகத் தொப்பை போட்டிருந்தால் அது வயசுக்கான அடையாளம், நோயில்லை. ஆனால் கைப்பேசியை ஒலித்துளைக்குள் விட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள். பிரேஸ் எங்காவது பலகையை விட்டுப் பிரிந்திருக்கிறதா? கம்பியின் குண்டு முனைகள் பிரிட்ஜுக்கு அடியில் உள்ள மேப்பிள் பலகையைத் தின்று மேலே ஏறிவிட்டனவா? இருந்தால் நெக் வேலையோடு சேர்த்தே அதையும் பார்த்துவிடலாம்.

ஈரப்பதம்: 45 முதல் 55 சதவீதம் வரை இருக்கட்டும். பெட்டிக்குள் சின்ன ஈரப்பதமானி ஒன்று போதும். மலிவான மானிகள் கூசாமல் பொய் சொல்லும் என்பதால் முதலில் சோதியுங்கள்: ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் மானி ஆறு குறைத்துச் சொல்கிறது, அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏசி இரவெல்லாம் ஓடும் அறையில் கிட்டாரைச் சுவரில் தொங்கவிடாதீர்கள். ஃபிரெட் நுனிகள் கையைக் கீறத் தொடங்கினால் மரம் காய்ந்து சுருங்குகிறது. அடுத்து வருவது வெடிப்பு. வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பது அதைவிட மோசம், அந்தத் தோல் பசை சூட்டுக்கும் இளகும்.

பாலிஷ்? கூடவே கூடாது. மேலே இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். வலை வலையாக வெடித்திருந்தாலும், கையிருக்கும் இடத்தில் தேய்ந்து மரம் தெரிந்தாலும் அது அப்படியே இருக்கட்டும். சுரண்டிப் புதுசு பூசினால் பலகை மெலிந்துவிடும், விலையும் பலமாக அடிபடும். லேசாக ஈரமான மென்துணியால் வியர்வையைத் துடைத்தாலே போதும். லாக்கர் வெடிப்பையும் மரவெடிப்பையும் பிரித்துப் பார்க்க, இருட்டறையில் கிட்டாருக்குள் ஒரு சிறு விளக்கை வையுங்கள்: வெளிச்சம் கசிந்தால் மரம் பிளந்திருக்கிறது. ஒலித்துளைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிக்கார்ட் தகட்டின் ஓரத்தை முக்கியமாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் பிக்கார்டை லாக்கரின் மேல் ஒட்டாமல், வெறும் மரத்தில் நேரடியாக ஒட்டினார்கள். அது வருடக்கணக்கில் சுருங்கும்போது பலகையையும் சேர்த்து இழுத்து, ஓரத்தில் நீளவாக்கில் ஒரு வெடிப்பை உண்டாக்கும். இந்தக் கிட்டார்களில் மிகவும் சகஜம். உள்பக்கம் சிறு மரத்துண்டுகளை ஒட்டிச் சரிசெய்துவிடலாம். பிக்கார்ட் சுருண்டிருந்தால் நீங்களாகவே பசை விட்டு அமுக்க வேண்டாம்.

ஸ்டாண்ட் வாங்கினால் ரப்பர் படும் இடங்களில் பருத்தித் துணியைச் சுற்றுங்கள். சில ரப்பர்களும் வினைலும் நைட்ரோ லாக்கரோடு வேதிவினை புரிந்து அதை மெழுகாக்கிவிடும். ஸ்டாண்டின் அச்சு அப்படியே கிட்டாரில் பதியும். மேடையில் வாசிக்க, ஒலிபெருக்கிக்கு ஒலியை அனுப்பும் பிக்கப் வேண்டுமென்றால் ஒலித்துளையில் மாட்டுவதை வாங்குங்கள். வால்பக்கத் துளையைப் பெரிதாக்கி ஜாக் வைப்பது இந்தக் கிட்டாருக்கு வேண்டாம்.

நாடு விட்டு நாடு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். முதுகும் பக்கங்களும் மஹோகனி என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஃபிங்கர்போர்டும் பிரிட்ஜும் அநேகமாகப் பிரேசிலியன் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. 2019-இல் மற்ற ரோஸ்வுட் இசைக்கருவிகளுக்குக் கொடுத்த தளர்வு இதற்குப் பொருந்தாது. பயணத்துக்கு முன்பே ஆவணங்களைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ரிப்பேரில் எந்தப் பாகம் கழன்றாலும், பழைய சாடிலோ பின்னோ டியூனிங் கீயோ, எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். தேய்ந்துபோன சாடிலைக்கூட. செய்த வேலையையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி அந்தப் பையிலேயே போட்டுவிடுங்கள். மூன்று வாரம் கழித்து எடுத்த அளவுகளையும் அதே தாளில் எழுதிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் போனால், பேச்சு சாடிலில் ஆரம்பிக்காமல் நேராக நெக்கில் ஆரம்பிக்கும்.