உப்புத் தண்ணீரில் எஃகு செதுக்கும் வேலை: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடித்த மகள் கல்லூரிக் கண்காட்சியில் மின்சாரம் பாயும் உப்புத் தண்ணீரால் எஃகில் பள்ளம் போடும் மெஷினைப் பார்த்திருக்கிறாள். எலக்ட்ரோகெமிக்கல் மெஷினிங், சுருக்கமாக இ.சி.எம். என்பார்கள். அன்றிலிருந்து "இதைத்தான் படிப்பேன்" என்கிறாள். அவள் அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு பேச்சில்லை. உங்களுக்கோ, பெண் பிள்ளை ஆசிட் புகையில் நின்று வேலை பார்க்க வேண்டுமோ என்ற பயம்.

ஆசிட் பயத்தை முதலில் பேசிவிடுவோம். அந்த மெஷினில் பெரும்பாலும் ஓடுவது சாப்பாட்டு உப்போ சோடியம் நைட்ரேட்டோ கரைத்த தண்ணீர்தான். டர்பைன் பிளேடில் மெல்லிய, ஆழமான துளை போடும் ஒரு வகையில் மட்டும் அமிலம் உண்டு. கவரிங் நகைக்கு எப்படி முலாம் பூசுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே நகை மின்சாரத்தின் எதிர்முனையில் (நெகட்டிவ்) இருக்கும், உலோகம் அதன்மேல் வந்து படியும். இங்கே எல்லாம் தலைகீழ். செதுக்க வேண்டிய பாகம் நேர்முனையில் (பாசிட்டிவ்) இருப்பதால் உலோகம் அதிலிருந்து கழன்று கரைசலுக்குள் போகிறது. எதிரே செம்பிலோ பித்தளையிலோ செய்த டூல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தச் சந்தில் கரைசல் வேகமாகப் பாய்ந்து, கரைந்த உலோகத்தை அடித்துக்கொண்டு போகும். டூல் பாகத்தைத் தொடுவதே இல்லை. தொட்டால் ஷார்ட் ஆகி இரண்டும் கெட்டுவிடும்.

இதில் உலோகம் எவ்வளவு கடினம் என்பது ஒரு பொருட்டே இல்லை. ஜெட் என்ஜினுக்குள் இருக்கும் இன்கோனெல் போன்ற நிக்கல் கலவைகளைச் சாதாரணமாக வெட்டப் போனால் டூல் சீக்கிரம் மழுங்கும். இங்கே டூல் தேய்வதில்லை. மின்பொறி விட்டு வெட்டும் இ.டி.எம். என்ற முறையில் உருகி உறைந்த மெல்லிய தோல் ஒன்று பாகத்தின்மேல் தங்கிவிடும், இதில் அதுவும் கிடையாது. கணக்கும் உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு மின்வேதியியலில் படித்த ஃபாரடே விதிதான். 1 ஆம்பியர் 1 மணி நேரம் பாய்ந்தால் சுமார் 1 கிராம் இரும்பு கரையும். 5,000 ஆம்பியர் என்றால் 5 கிலோ. வோல்டேஜ் மட்டும் 10, 20 என்ற அளவில்தான் இருக்கும். ஃபாரடே 1830-களில் கண்டதை வைத்து இன்று விமான என்ஜின் பாகம் செய்கிறார்கள் என்பதில் எனக்கு இன்றும் வியப்பு உண்டு. அவள் மயங்கியதில் தப்பே இல்லை.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். டூல் பக்கம் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அதை வெளியேற்றும் ஏற்பாடு சரியாக இருக்க வேண்டும். கரைந்த உலோகம் சேறாகச் சேரும். குரோமியம் உள்ள எஃகாக இருந்தால் அந்தச் சேற்றிலும் கரைசலிலும் நச்சான ஆறிணைதிறன் குரோமியம் வரலாம். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் அவள் முதலில் கேட்க வேண்டியது "சேற்றை என்ன செய்கிறீர்கள்?" என்பதுதான். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம்.

சரி, படிப்புக்கு வருவோம். இந்த மெஷினின் பெயரைப் போட்டு வேலை விளம்பரம் வருவது அபூர்வம். அதனால் ஒரு மெஷினுக்காகப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் ஒரே ஒரு மெஷினை ஓட்ட மட்டும் கற்றுக்கொண்டு வேலையில் சேர்ந்தான். நான்கு வருடத்தில் நிறுவனம் அந்த மெஷினை விற்றுவிட்டது. அடிப்படை கையில் இல்லாததால் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நானும் அன்று அவனைத் தடுக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உங்கள் மகள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மெக்கானிக்கல் அல்லது மேனுஃபேக்சரிங் பொறியியல். இந்தத் தொழிலின் பெரிய தலைவலி டூலின் வடிவம். டூல் எப்படி இருக்கிறதோ அப்படியே பாகத்தில் விழாது. இடைவெளி இடத்துக்கு இடம் மாறும், கரைசல் சூடாகும், குமிழி சேரும். அதையெல்லாம் முன்கூட்டியே கணித்து டூலைத் திருத்துவதற்குத்தான் மூளை வேண்டும். அங்கே கம்ப்யூட்டர் சிமுலேஷனும் நிறைய உண்டு. இதை அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். ஹைட்ராலிக் வால்வுகளுக்குள் கை எட்டாத இடத்தில் நிற்கும் பிசிறை எடுக்கவும் இதே முறைதான். வாகன உதிரிபாகத் தொழிலில் இந்த டீபரிங் வேலைக்கு நல்ல தேவை உண்டு.

இன்னொன்று மின்வேதியியல் பக்கம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்டது. அங்கேயே அண்ணா பல்கலைக்கழகப் பட்டமாக வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிக்கலாம். முலாம், துருத் தடுப்பு, பேட்டரி எல்லாம் இந்தப் படிப்புக்குள் வரும். இந்த மெஷின் வேலை கிடைக்காவிட்டாலும் பேட்டரித் தொழிலின் கதவு திறந்திருக்கும். சேர்க்கை விதிகளை மட்டும் இந்த ஆண்டு அறிவிப்பில் நேரடியாகப் பாருங்கள், பழைய கணக்கை நம்ப வேண்டாம்.

எது அவளுக்கு? உங்கள் கடிதத்திலேயே அதற்கு ஒரு வரி இருக்கிறது. மெஷின் பக்கத்தில் நின்றவரிடம் "கரைஞ்ச இரும்பு எங்கே போச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "அந்த வடிவம் எப்படி வந்தது?" என்று கேட்டிருந்தால் மெக்கானிக்கல் என்று சொல்லியிருப்பேன். இரும்பு எங்கே போனது என்று கேட்கிற பிள்ளைக்கு என் மனம் காரைக்குடியைத்தான் சொல்கிறது. ஆனால் முடிவு அவளுடையதாக இருக்கட்டும்.

கவுன்சலிங் தேதிக்கு முன் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர், இரண்டு கம்பி ஆணி, ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். எவர்சில்வர் ஸ்பூன் வேண்டாம், அதில் குரோமியம் இருக்கிறது. காற்றோட்டமான திண்ணையில் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். எதிர்முனை ஆணியில் குமிழி வரும், நேர்முனை ஆணி கரைந்து பச்சையும் பழுப்புமாகச் சேறு இறங்கும். ஏன் அப்படி என்று அவளையே விளக்கச் சொல்லுங்கள். அவள் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.