அடியாள் ஒப்பந்தமா அது?

அன்புள்ள ஐயா,

கிளாஸ்கோவில் முதுகலை வரலாறு படிக்கிறேன். ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் ஜென்னி வோர்மால்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு அவருடைய புத்தகங்களைத் தேடி எடுத்தேன். வருத்தம்தான் மிஞ்சியது. இவ்வளவு கூர்மையான ஒருவர், ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் ஆள் சேர்க்க எழுதிக்கொண்ட பத்திரங்களோடு இத்தனை வருடம் மல்லுக்கட்ட வேண்டுமா? அவை அடியாள் ஒப்பந்தங்கள்தானே? அந்தச் சின்ன நாட்டின் பிற்கால மத்திய காலத்தை ஆராய்ந்தால் வேலை கிடைக்குமா என்று வீட்டிலும் கேட்கிறார்கள். ஆய்வுக்குத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வி.

அன்புள்ள வி,

இரண்டு வாரமாக அவருடைய புத்தகம்தான் என் மேஜையில் கிடக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். சின்ன நாடு என்பதற்கெல்லாம் பதில் சொல்லப் போவதில்லை. வேலை பற்றி வீட்டில் கேட்பது நியாயம்தான். இந்தத் துறையில் இடங்கள் குறைவு, தெரிந்தே இறங்குங்கள். ஆனால் 'அடியாள் ஒப்பந்தம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. அந்தப் பத்திரங்களில் ஒன்றையாவது முழுசாகப் படித்தீர்களா?

அந்தப் பத்திரத்துக்கு 'மேன்ரென்ட்' பத்திரம் என்று பெயர், ஒருவன் ஒரு பிரபுவுக்கு ஆளாக இருப்பேன் என்று எழுதிக்கொடுப்பது. பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: 'இந்தக் கடிதத்தால் எல்லாருக்கும் தெரிவதாவது.' இன்னாருக்கு நான் ஆளாகிறேன், அவருக்குக் கேடு வருவது தெரிந்தால் மறைக்க மாட்டேன், கேட்டால் நல்ல யோசனை சொல்வேன், வழக்கிலும் சண்டையிலும் கூட நிற்பேன் என்று ஒருவன் எழுதிக்கொடுக்கிறான். அவனைக் காப்பதாகப் பிரபு எழுதிக்கொடுக்கிறார். பல பத்திரங்கள் ஆயுள் முழுவதற்கும். பெரும்பாலும் பணமோ நிலமோ கைமாறுவதில்லை. அப்புறம் வழக்கமாக ஒரு வரி வரும்: அரசருக்கு நான் கடமைப்பட்ட விசுவாசம் நீங்கலாக. அடியாள் எழுதுகிற வரியா இது?

அன்றைய ஸ்காட்லாந்தில் திரும்பத் திரும்பக் குழந்தைகளே பட்டத்துக்கு வந்தார்கள். 1437இல் அரசர் முதலாம் ஜேம்ஸ் கொலையானபோது, அடுத்து அரசரான மகனுக்கு வயது 6. 1513இல் ஐந்தாம் ஜேம்ஸ் அரசரானபோது 17 மாதக் குழந்தை. 1542இல் மேரி அரசியானபோது பிறந்து 6 நாள். போலீஸ் கிடையாது, சம்பளம் வாங்கும் நிலையான படை கிடையாது. ஒரு கொலை விழுந்தால், செத்தவனின் உறவினரையும் கொன்றவனின் உறவினரையும் உட்காரவைத்துப் பேசி, ஈட்டுத்தொகை வாங்கிக்கொடுத்து, பகையை யார் முடித்து வைப்பது? உறவும் பிரபுவும்தான். சில மேன்ரென்ட் பத்திரங்களே அப்படிப் பகை தீர்ந்த கையோடு எழுதப்பட்டவை. முந்தைய வரலாற்றாசிரியர்கள் பலர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, அடங்காத பிரபுக்கள், பலவீனமான அரசர்கள் என்று தீர்ப்பு எழுதினார்கள். ஜென்னி 1442 முதல் 1603 வரையான பத்திரங்களைத் தேடித் திரட்டினார். நீங்கள் இருக்கும் அதே கிளாஸ்கோவில் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கிய வேலை, 1985இல் புத்தகமாக வந்தது. அந்த நாடு தன் வழியில் அமைதி காத்தது என்பதை அந்தக் காகிதங்களை வைத்தே நிறுவினார். மல்லுக்கட்டினாராம்!

அந்தப் புத்தகத்தின் பின்பகுதியில் பத்திரங்களின் பட்டியல் இருக்கிறது. முதல் தடவை அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் மூடிவைத்தேன். பிறகு ஒரு வருடம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ராத்திரித் துணைக்கு நான். கட்டில் பக்கத்து சின்ன விளக்கில் கதையோ வாதமோ மனதில் ஏறவில்லை. பட்டியலைத்தான் படிக்க முடிந்தது. தேதி, ஆளின் பெயர், பிரபுவின் பெயர், எத்தனை காலத்துக்கு. வரி வரியாக. ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும், அப்பன் போய் மகன் வருவான். மூன்றாம் நாள் இரவு அந்தப் பெயர்கள் எனக்குத் தெரிந்தவர்களாகிவிட்டன. அம்மா விழித்து, 'இன்னும் என்னடா படிக்கிற?' என்றார்கள். 'யாரு யாருக்குத் துணையா நிக்கிறேன்னு எழுதிக் குடுத்த கணக்கும்மா' என்றேன். 'நல்ல கணக்குதான்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்கள்.

அந்தக் காகிதங்கள் நம் கைக்கு வந்ததே பெரிய விஷயம். இங்கிலாந்தின் ஆட்சியைப் பிடித்த கிராம்வெல் காலத்தில் ஸ்காட்லாந்தின் அரசு ஆவணங்களை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். திருப்பி அனுப்பும்போது, 1660 டிசம்பரில், எலிசபெத் என்ற கப்பல் மூழ்கி 85 பீப்பாய் ஆவணங்கள் கடலோடு போயின. மேன்ரென்ட் பத்திரங்களில் பல தப்பியதற்குக் காரணம், அவை அந்தந்தக் குடும்பத்தின் பெட்டியில் கிடந்ததுதான். ஒருவன் தன் பேரன் காலத்துக்கும் இருக்கட்டும் என்று பத்திரப்படுத்திய வாக்கை 'அடியாள்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாதீர்கள்.

தலைப்பு கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்தக் காலத்துக் கையெழுத்தைப் படிக்கப் பழகுங்கள். 'e' இடம்வலம் மாறிக் கிடக்கும், 'h' வரிக்குக் கீழே வால் நீட்டும், 'which' என்பது 'quhilk' என்று வரும். ஆரம்பத்தில் ஒரு வரிக்கு ஒரு மத்தியானம் போகும், போகட்டும். பத்து வரி தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்த அன்றைக்கு எழுதுங்கள், அந்தப் பத்து வரியில் என்ன இருந்தது என்றும் சொல்லுங்கள்.